பாடினவ பேரு எந்தக் கட்டத்துல?

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடை இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி, அம்பது ரூபாய் கொடுத்தா மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏத்திக் கொடுப்பாங்க. சினிமாப் பாட்டு, சாமிப் பாட்டு, சாதிப் பெருமைப் பாட்டு, அதுக்கு எதிர்ப்பாட்டு, எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்ல பக்கத்துப் பக்கத்து ஃபோல்டர். பாட்டுகளாவது அங்க சேர்ந்து இருந்துச்சு. அப்படி ஏத்தி வந்த கார்டு ஒன்றிலிருந்து, திருச்சுழிக்குப் போகிற பாதையில் ஒரு டீக்கடையில், எங்க அத்தை குரல் கேட்டது.

குரலை வைத்து மட்டும் நான் சொல்லவில்லை. பாட்டு நடுவில் அத்தை நிறுத்திவிட்டு, "டே மருமகனே, அந்தச் சனியன அமத்துடா, ஆடு கத்துது, என்னன்னு பாரு" என்று சொல்கிறாள். அதற்கு "பாடு அத்தே, அது கெடக்கு" என்று ஒரு பையன் குரல் பதில் சொல்கிறது. அந்தப் பையன் நான்தான். 1994 பங்குனியில், கல்லூரி லீவில் வந்திருந்தபோது, கண்மாய்க்கரைக் காலனியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து, கடன் வாங்கின டூ-இன்-ஒன்னில் பதிவு செய்தது. அன்னைக்குப் பூராவும் கரிமூட்டத்துல வேலை பாத்துட்டு வந்து, குளிச்சும் குளிக்காம உக்காந்து பாடினா. அழிஞ்சிரக் கூடாதுன்னு கேசட்டோட மேல்பக்கம் இருக்கிற ரெண்டு சின்ன பிளாஸ்டிக் தக்கையையும் ஆணியால குத்தி உடைச்சேன். அட்டையில் 'அத்தை பாட்டு' என்று மட்டும் எழுதினேன். நமக்குத்தான் தெரியுமே, பேரு எதுக்கு?

அந்த 'நமக்குத்தான் தெரியுமே' என்பதுதான் இந்தக் கட்டுரையில் முதல் குற்றவாளி.

கேசட்டை ஒருத்தர் ஆராய்ச்சிக்குன்னு கேட்டு வாங்கி நகல் எடுத்தார். அவரிடமிருந்து இன்னொருத்தர். அப்புறம் ஒரு கேசட் கம்பெனி, சி.டி., எம்.பி.3 என்று ஊர் ஊராகச் சுற்றி, இருபது வருசம் கழித்து டீக்கடைக்குத் திரும்பி வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி ஒருத்தனிடம் அந்தக் கோப்பைக் கொடுத்து, இதுக்குள்ள என்னடா எழுதியிருக்குன்னு பார்க்கச் சொன்னேன். பாட்டுக் கோப்புக்குள் பாட்டு மட்டும் இல்லை, எழுத்தும் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவன் திறந்து காட்டினான். தலைப்பு: ஒப்பாரி 7. பாடியவர்: வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ். இசையமைத்தவர்: டிரெடிஷனல். வகை: ஃபோக். பதிப்புரிமை என்ற இடத்தில் மட்டும் கம்பெனி பேரு, வருசத்தோட, எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்லாம.

ஒரு குரல், ஒரே ஒரு பொம்பளை. அவ 'வேரியஸ்' ஆயிட்டா.

இதை நான் ஒரு இலக்கியப் பிரதியைப் படிக்கிற மாதிரித்தான் படிக்க விரும்புகிறேன். அட்டையைப் படிக்கிறோம், முன்னுரையைப் படிக்கிறோம், யார் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது என்று பார்த்து அதிகாரத்தைக் கண்டுபிடிக்கிறோம். இந்தக் கட்டங்களையும் அப்படிப் படிக்கலாம். மெட்டாடேட்டா என்று சொல்கிறார்கள். பாட்டைப் பற்றிய விவரம், பாட்டோடயே ஒட்டிக்கிட்டுப் போகிற விவரம்.

எம்.பி.3 கோப்புக்கு இந்த வழக்கம் வந்தது 1996இல். எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் கடைசியில் 128 பைட் இடத்தை ஒதுக்கி, அதற்கு ஐடி3 என்று பேர் வைத்தார். முதல் மூன்று பைட் அடையாளத்துக்கு. அப்புறம் தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருசத்துக்கு 4, குறிப்புக்கு 30, வகைக்கு 1. அம்புட்டுத்தான் மொத்த நிலமும். லத்தீன் எழுத்துக்கு ஒரு எழுத்து ஒரு பைட். நம்ம எழுத்துக்கு அந்த வடிவத்தில் இடமே கிடையாது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவில் அடித்துத் திணித்தாலும், அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் பிசாசு எழுத்தாகத் தெரியும். இன்றைக்கு வழக்கத்தில் இருக்கிற யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ் எழுதினால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் ஆகும். உயிர்மெய் என்றால் மெய்க்கு மூன்று, கொக்கிக்கு மூன்று. ஒரு ராத்திரி பேப்பரில் எழுதி எண்ணிப் பார்த்தேன். 'திருச்சுழி' சரியாக 30 பைட். கச்சிதமாக உட்காருகிறது, ஒரு புள்ளி வைக்கக்கூட மிச்சம் இல்லை. 'அருப்புக்கோட்டை' 45 பைட். மூணுல ஒரு பங்கு ஊரு வெளியில நிக்கும். ஊர் பேரே நுழையாத கட்டத்தில் ஆள் பேர், ஊர் பேர், யாரிடம் கற்றாள் என்பதெல்லாம் எப்படி நுழையும்?

வகைக்கு ஒரு பைட் என்றேன். அதில் எழுத்து கிடையாது, நம்பர்தான். எண்பது வகை, 0 முதல் 79 வரை. 0 என்பது புளூஸ். அமெரிக்கக் கறுப்பு மக்களின் பாட்டு முதலிடத்தில் இருக்கிறதே என்று சந்தோசப்பட்டேன். பிறகுதான் தோன்றியது, 1920களில் அந்த ஊர்க் கம்பெனிகள் கறுப்பு மக்களின் இசைத்தட்டுகளை 'ரேஸ் ரெகார்ட்ஸ்' என்று தனிப்பட்டியல் போட்டு விற்றன. தனிக் குவளை மாதிரி தனிப் பட்டியல். அந்த எண்பதில் ஒப்பாரிக்கு நம்பர் இல்லை. ஃபோக் என்பதே அதில் இல்லை. அது பிற்பாடு வின்ஆம்ப் மென்பொருள்காரர்கள் நீட்டின பட்டியலில் 80ஆவதாகச் சேர்ந்தது. மாரடிப்பு, கும்மி, களையெடுப்பு, தாலாட்டு, பறை, எல்லாத்தையும் அள்ளி ஒரே சாக்கில் கட்டுகிறதுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது.

இதெல்லாம் பழைய கதை என்று அந்தத் தம்பி சொல்கிறான். 1998இல் இரண்டாம் வடிவம் வந்து, இடக் கட்டுப்பாடு போய், யூனிகோட் எழுத்தும் வந்து, இன்றைக்குத் தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். உண்மைதான். ஆனால் இடம் வந்த பிறகும் அத்தை பேர் வரலையே. அப்போ தடையாக இருந்தது பைட் மட்டும் இல்லை.

வானொலி நிலையங்களும் ஆவணக் காப்பகங்களும் எம்.பி.3ஐ வைத்துக்கொள்வதில்லை, வேவ் கோப்பாக வைக்கின்றன. அதற்கு ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம் 1997இல் ஒரு வடிவம் கொடுத்தது. அதில் விவரிப்புக்கு 256 எழுத்து உண்டு. 'ஒரிஜினேட்டர்' என்று 32 எழுத்து உண்டு. தேதி உண்டு, மணி, நிமிடம், நொடி உண்டு. ஒரிஜினேட்டர் என்றால் தோற்றுவித்தவர், பாடினவர்தான் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பதிவு செய்த நிலையம்! பாடியவருக்கென்று தனிக் கட்டம் அந்தப் பகுதியில் கிடையாது. எந்த நொடியில் பட்டனை அமுக்கினான் என்பது முக்கியம். யார் வாயைத் திறந்தா என்பதை விவரிப்புக்குள்ள எங்கயாவது எழுதிக்கலாம், எழுத மனசிருந்தா.

இன்னொரு எண் இருக்கிறது, ஐ.எஸ்.ஆர்.சி. என்று. ஒலிப்பதிவுகளுக்கான உலகப் பொதுக் குறியீடு, 1986இல் வந்த தரம். பன்னிரண்டு இடம்: முதல் இரண்டில் நாட்டுக்கான எழுத்து, அடுத்த மூன்றில் குறியீடு வாங்கின நிறுவனம், பிறகு இரண்டில் வருசம், கடைசி ஐந்தில் வரிசை எண். இந்தியாவில் இதைக் கொடுப்பது இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கமான இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எண். அதே பாட்டை அதே ஆள் இன்னொரு நாள் பாடினால் வேறு எண். அதே பதிவை நாலு ஆல்பத்தில் போட்டாலும் எண் மாறக் கூடாது. இணையத்தில் எத்தனை தடவை ஓடியது, யாருக்கு எவ்வளவு என்ற கணக்கெல்லாம் இந்த எண்ணைப் பிடித்துத்தான் நடக்கிறது. அத்தை பாட்டுக்கும் அப்படி ஒரு எண் ஒட்டியிருந்தது. பன்னிரண்டு இடத்தில் அத்தைக்கு ஒரு இடம்கூட இல்லை. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு நிறுவனத்தில் போய் முட்டும். அந்த நிறுவனம் தன் பேரேட்டில் யார் பேரை எழுதியிருக்கிறதோ அவர்தான் பாடினவர். எண் பொய் சொல்லாது. எண்ணுக்குப் பின்னால் உள்ள பேரேட்டை எழுதுகிற கை யாருடையது என்பதுதான் கேள்வி. கணக்குப்பிள்ளை யாரு? இந்தக் கரிசல் காட்டில் கூலி வாங்கி வளர்ந்த எவனுக்கும் அந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

*

பாட்டுக்குள்ள பேரைப் பொதிஞ்சு வைக்கிறது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது இல்லை. திருச்சுழியிலேயே இருக்கிறது. திருமேனிநாதர் கோயிலைப் பற்றிச் சுந்தரர் பாடின பதிகத்தில் கடைசிப் பாட்டில் ஆரூரன் என்று தன் பேரைத் தானே பொதிந்து வைத்திருக்கிறார். எட்டாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை யார் பாடினாலும் அந்தப் பேரைச் சொல்லாமல் பதிகத்தை முடிக்க முடியாது. பிய்க்க முடியாத மெட்டாடேட்டா என்றால் இதுதான். கர்நாடக சங்கீதத்தில் இதையே முத்திரை என்கிறார்கள். தீட்சிதருக்குக் குருகுஹ, தியாகராஜருக்கு அவர் பேரேதான். இந்தப் பக்கம் எங்களுக்கு அந்தக் கோயிலுக்குள்ளே நுழைய உரிமை என்று மதராஸ் மாகாணச் சட்டம் சொன்னது 1947இல். பாட்டுக்குள் ஆரூரன் நுழைந்து ஆயிரத்து நூறு வருசத்துக்கு மேலே ஆன பிறகு.

ஒப்பாரியிலும் பேர் பொதிகிறது. ஆனா அது பாடுறவ பேரு இல்ல. செத்தவனோட பேரு, அவன் ஊரு, அவன் கண்மாய், அவன் பிள்ளைகள், அவனுக்குப் பெண் கொடுத்த வீடு. எங்க அத்தை பாடின ஒப்பாரிகளில் யார் யாருக்கு என்ன முறை என்பதை வைத்து ஒரு வம்சாவளியே எழுதிவிடலாம். ஊரில் உள்ள எல்லாருக்கும் அவள் மெட்டாடேட்டா எழுதினாள். தனக்கு எழுதிக்கொள்ள அவளுக்கு ஒரு வரி கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். 1957ஆம் வருசப் பதிப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 2(டி)யின்படி, ஒலிப்பதிவுக்கு 'ஆசிரியர்' என்றால் தயாரிப்பாளர். பதிவு செய்யும் முயற்சியும் பொறுப்பும் யாருடையதோ அவர் தயாரிப்பாளர். அப்படியானால் அந்த ஒப்பாரிப் பதிவுக்கு ஆசிரியர் யார்? நான்! பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் தட்டுத்தடுமாறி மார்க் வாங்கின நான், காலி கேசட் வாங்கி, பட்டனை அமுக்கினதால் ஆசிரியர். பாடினவள் வெறும் நிகழ்த்துநர். அந்த நிகழ்த்துநருக்கே தனி உரிமை உண்டு என்று 1994 திருத்தத்தில்தான் எழுதினார்கள். அது நடைமுறைக்கு வந்தது 1995 மே 10. அத்தை பாடினது அதற்கு ஒரு வருசம் முந்தி. சட்டத்துக்காகக் காத்திருந்து பாடியிருக்கலாம், ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு.

2012இல் இன்னொரு திருத்தம். பாட்டோடு ஒட்டியிருக்கும் விவரங்களுக்கு 'உரிமை மேலாண்மைத் தகவல்' என்று பேர் வைத்து, படைப்பின் தலைப்பு, ஆசிரியர் அல்லது நிகழ்த்துநரின் பேர், உரிமையாளரின் பேரும் முகவரியும், இவற்றைக் குறிக்கும் எண் அல்லது குறியீடு எல்லாவற்றையும் அதில் அடக்கினார்கள். அனுமதி இல்லாமல் தெரிந்தே அதை நீக்கினாலோ மாற்றினாலோ 65பி பிரிவின்படி இரண்டு வருசம் வரை சிறை, அபராதம். நல்ல சட்டம்தான். நிகழ்த்துநருக்குத் தன்னைப் பாடியவராகக் குறிப்பிடச் சொல்லும் உரிமையும் 38பி பிரிவில் உண்டு. ஆனால் தண்டனை எதற்கு என்று கவனியுங்கள். போட்ட பேரை எடுத்தால் ஜெயில். முதலிலேயே பேர் போடாமல் விட்டால்? பிடுங்கினாத்தான திருட்டு, கொடுக்கவே இல்லைன்னா எப்படித் திருட்டு! இன்னும் ஒன்று. இப்போது நான் அந்தக் கோப்பைத் திறந்து 'வேரியஸ்' என்பதை அடித்துவிட்டு அத்தை பேரை எழுதினால், அதையே தகவலை மாற்றின குற்றம் என்று எவனாவது என் மேல் எழுதுவானோ என்றும் ஒரு சந்தேகம் எனக்கு வந்தது.

*

'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 2021 மார்ச்சில் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பின பாட்டியின் கதை, நிலம் இல்லாதவர்களின் கதை, அறிவு எழுதினது. கோடிக்கணக்கான பேர் கேட்டார்கள். யூடியூபில் அதன் தலைப்பு 'தீ ஃபீச்சரிங் அறிவு'. இந்த 'ஃபீச்சரிங்' என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிரதானக் கலைஞர் ஒருவர், கூட வந்து தலைகாட்டினவர் ஒருவர். இணைய நிறுவனங்களின் கணக்கேட்டில் இது இரண்டு தனித்தனிக் கட்டம். தலைப்பில் எழுதின நாலு எழுத்து வெறும் தலைப்பாக நிற்பதில்லை. ஒரு இதழின் அட்டைக்குப் படம் தேர்வு செய்கிறவன் முதல் கட்டத்தைத்தான் பார்ப்பான். விளம்பரப் பலகை அடிக்கிறவனும் அதைத்தான் பார்ப்பான். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் அப்போதே இதைப் பொதுவில் கேட்டார். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இருந்தார்கள், அறிவு இல்லை. பிறகு அறிவு, பாட்டைக் கட்டினதும் எழுதினதும் பாடினதும் தான்தான் என்று எழுதினார். சந்தோஷ் நாராயணன் மறுத்து, இசை தன்னுடையது, வரிகள் அறிவுடையவை, வருமானமும் உரிமையும் மூன்று பேருக்கும் சமம் என்று விளக்கம் கொடுத்தார். 2024 மார்ச்சில் அவரே, மூன்று வருசம் ஆகியும் மாஜா தளத்திடமிருந்து தங்களில் யாருக்கும் காசு வரவில்லை என்று சொன்னார்.

இதில் யார் சொல்வது எவ்வளவு சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் உட்காரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். 'இசையமைத்தவர்' என்ற கட்டமும் 'எழுதியவர்' என்ற கட்டமும் தனித்தனியாக இருக்கிற உலகத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. ஒப்பாரியிலும் கும்மியிலும் சொல்லு வேற, மெட்டு வேறன்னு பிரிக்க முடியாது. சொல்லோடயேதான் மெட்டு பிறக்கும். அப்படிப் பிறந்த பாட்டை இரண்டு கட்டமாகக் கிழித்து, ஒரு கட்டத்துக்கு மதிப்புக் கூட, ஒரு கட்டத்துக்குக் குறைவு என்று ஆக்கினால், சண்டை வராமல் என்ன வரும்? சண்டையை மட்டும் நம்ம ஆள் போட்டதா சொல்லுவாங்க.

பேர் எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1959இல் ஆலன் லோமாக்ஸ் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலப் பார்ச்மன் சிறையில் கைதிகள் விறகு வெட்டிக்கொண்டே பாடின ஒரு பாட்டைப் பதிவு செய்தார். முன்னால் நின்று பாடினவர் ஜேம்ஸ் கார்ட்டர். 2000இல் ஒரு சினிமாவில் அந்தப் பதிவைச் சேர்த்தார்கள், இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது. லோமாக்ஸின் குறிப்புகளில் கார்ட்டரின் பேர் இருந்ததால் தேடினார்கள். 2002இல் சிகாகோவில் கண்டுபிடித்து 20,000 டாலர் செக்கைக் கையில் கொடுத்தார்கள். அவருக்கு அந்தப் பாட்டைப் பாடினதே மறந்து போயிருந்தது. அடுத்த வருசம் இறந்துவிட்டார். நாற்பது வருசம் தாமதம்தான், கொடுத்ததும் கொஞ்சம்தான். ஆனாலும் கைதியின் பேரை எழுதி வைத்திருந்தான் ஒருத்தன். நான் அத்தை பேரை எழுதி வைக்கவில்லை.

நம்மவர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. நா. வானமாமலை 1964இல் கொண்டுவந்த 'தமிழர் நாட்டுப் பாடல்க'ளில் பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பேர், ஊர், வட்டாரம் என்று அச்சிட்டிருப்பார்கள். அச்சுக் காலத்து மெட்டாடேட்டா. அந்த அளவு ஒழுங்குகூட 90களில் நாம் போட்ட கேசட்டுகளில் இல்லை. கலைக்குழுவின் பேர் இருக்கும், வெளியிட்ட அமைப்பின் பேர் இருக்கும், பின்பாட்டுப் பாடின பொம்பளைகளின் பேரும் பறை அடித்தவர் பேரும் இருக்காது. 'எல்லாம் இயக்கத்துக்குத்தானே தோழர்' என்போம். இதழ்களில் வாக்குமூலம் போடும்போது 'பதிவு: இன்னார்' என்பது தடித்த எழுத்தில் இருக்கும், பேசினவள் 'ஒரு பெண்'. நானும் அப்படி இரண்டு மூன்று எழுதியிருக்கிறேன். இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடின 'மனுசங்கடா' என் செல்லில் இருக்கிறது. பாடியவர் கட்டத்தில் இன்குலாப் பேர், எழுதியவர் கட்டம் காலி. ரெண்டு பேரும் 2016லயே போயிட்டாங்க. மேடையில் அந்தப் பாட்டை நேரில் கேட்ட தலைமுறையும் போய்விட்டால் அந்தக் கோப்பு சொல்வதுதான் வரலாறு.

*

இவ்வளவையும் மனசில் கட்டிக்கொண்டு, கோபத்தோடு, போன தைக்கு அத்தையைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டாள். கண் மங்கல், காது கூர்மை. செல்லில் பாட்டைப் போட்டேன். தன் குரல் என்று உடனே தெரிந்துகொண்டாள். ஆடு கத்துகிற இடம் வந்ததும் சிரித்தாள். "அந்த வெள்ளாடு அன்னைக்கே குட்டி போட்டுச்சுடா" என்றாள்.

"அத்தே, இதுல ஒம் பேரு இல்ல. ஒம் பேரப் போடப் போறேன். ஒலகம் பூராத் தெரியணும்."

"எம் பேரயா? எதுக்குடா?"

"நீ பாடுனதுதான?"

"பேரப் போட்டா ஊரப் போடுவ. ஊரப் போட்டா தெருவப் போடுவ. பெறகு என்னத்தப் போடுவ, எல்லாந்தான் தெரிஞ்சிருமே."

நான் பேசாமல் இருந்தேன். அவளே சொன்னாள். "இந்தப் பாட்ட நான் எங்க படிச்சேன்னு நினைக்க? நம்ம வீட்டு எழவுலயா? அவுக வீட்டுக் கேதத்துல. ஆள் விட்டுக் கூப்புடுவாக. போகலைன்னா களத்துல கம்பு அளக்க மாட்டாக. நாங்க வாசலுக்கு வெளிய நின்னு மாரடிக்கணும், அவுக வீட்டுப் பொம்பளைக உள்ள உக்காந்து கண்ணத் தொடைப்பாக. ஒரு படி கம்பு, வெத்தலை பாக்கு. அது என்ன பெருமைன்னு எம் பேரப் போட்டு ஒலகம் பூராக் காட்டப் போற? பேத்தி மதுரையில காலேசுல படிக்கிறா. அவ செல்லுல அவ சிநேகிதி இதக் கேட்டா, இது எங்க ஆச்சின்னு சொல்லுவாளா, சொல்ல மாட்டாளா? நீ சொல்லு."

எனக்குப் பதில் இல்லை. இதுவரை எழுதினது எல்லாம் பேர் விடுபட்டதைப் பற்றித்தான். பேர் ஒட்டிக்கொள்வதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நம் ஆட்களைப் பற்றிய விவரம் எழுதப்படாமல் இருந்தது எப்போது? தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதி போட்டார், சாதி சாதியாக மூக்கை அளந்து நீளம் அகலம் எழுதினார். சாதிக்கு என்றால் கட்டம் எப்போதும் நிரம்பியிருக்கும். பங்கு பிரிக்கிற இடத்தில்தான் காலி. பறை அடிக்கப் போக மாட்டோம் என்று கிராமம் கிராமமாக நம் ஆட்கள் மறுத்ததும், அதே பறையை நம் விடுதலைக் கருவி என்று மேடையில் ஏற்றினதும் ஒரே காலத்தில் நடந்தது. இரண்டும் சரிதான் என்று நாம் கட்டுரை எழுதினோம். ஆனால் ஒரு கோப்பின் ஒரு கட்டத்தில் அந்த இரண்டையும் எப்படி எழுதுவது? மெட்டாடேட்டாவைப் பற்றிப் பேசுகிற நிபுணர்கள், விவரம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்கிறார்கள். ஊர், தெரு, தேதி, பாடின சந்தர்ப்பம், எல்லாம் போடு என்கிறார்கள். எங்க பக்கம் தெரு என்றாலே சாதி. இணையத்தில் ஒரு தடவை போய்விட்டால் பத்தாயிரம் நகலில் ஒட்டிக்கொள்ளும், கேசட்டு மாதிரி மேல அழிச்சுப் பதிய முடியாது.

மறுநாள் காலையில் அத்தையே கூப்பிட்டாள். ராத்திரி பூரா யோசித்திருப்பாள் போல.

"பேரப் போடு. எம் பேரு மட்டும் வேண்டாம். எங்கம்மா பேரும் போடு. அவதான் எனக்கு இந்த ராகத்தப் படிச்சுக் கொடுத்தா. ஊரப் போடாத. ஒப்பாரின்னு போடாத, அழுகைன்னு போடு. ஒப்பாரின்னா கூலிக்கு. அன்னைக்கு ஒனக்குப் பாடுனேன்ல, அது எங்கம்மாவ நினைச்சுப் பாடுனது."

எனக்கு அது தெரியாது. முப்பது வருசமாக அந்தப் பதிவை நான் யாரோ ஒரு பண்ணையாரின் சாவுக்குப் பாடின பாட்டு என்றே நினைத்திருந்தேன். ஆராய்ச்சிக்கு வாங்கினவரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். விவரத்தைத் தப்பாக எழுதினதில் முதல் ஆள் நானே.

கேசட் என்னிடம் இருந்தது, கம்பெனிக் கோப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. தம்பியை வைத்து அதிலிருந்து புதிதாகக் கணினிக்கு மாற்றினோம். நாடா அங்கங்கே இழுக்கிறது, ஆனாலும் குரல் நிற்கிறது. ஆடு கத்துகிற இடத்தை வெட்டவா என்று கேட்டான், வேண்டாம் என்றேன். தலைப்பில் 'அழுகை'. பாடியவர் கட்டத்தில் அத்தை பேர். வகைக் கட்டத்தைக் காலியாக விட்டோம். அம்மா பேரைப் போட 'இசையமைத்தவர்' கட்டத்துக்குப் போனான், நான் தடுத்தேன். இசையமைத்தவள் என்று அத்தை சொல்லவில்லை, படிச்சுக் கொடுத்தவள் என்றுதான் சொன்னாள். அப்படி ஒரு கட்டம் இருக்கிறதா என்றேன். இல்லை, ஆனால் இரண்டாம் வடிவத்தில் நாமாகவே பேர் வைத்துக்கொள்ளும் கட்டம் ஒன்று உண்டு என்றான். 'படிச்சுக் கொடுத்தவ' என்று அதற்குப் பேர் வைத்து, என் ஆச்சியின் பேரை எழுதினோம். பதிப்புரிமை என்ற இடத்தில் என்ன எழுத என்றான். அத்தை பேர் என்றேன். சட்டப்படி நீங்கதானேண்ணே என்றான். எழுதுடா என்றேன்.

அந்தப் பேர்களை நான் இந்தக் கட்டுரையில் எழுதவில்லை. இங்கே அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று ஊரைச் சொல்லிவிட்டேன். ஊரும் பேரும் ஒரே தாளில் வேண்டாம் என்பது அவள் சொன்னது.

கோப்பை அத்தையின் பேத்தி செல்லுக்கு அனுப்பினோம். அவள் செல்லில் பாட்டு ஓடும்போது திரையில் தலைப்பும் பாடியவர் பேரும் மட்டும்தான் தெரிகிறது. படிச்சுக் கொடுத்தவ பேரு தெரியலையேண்ணே, எப்படித் தெரிய வைக்கிறது என்று கேட்டு அவள் போன் போட்டாள். தம்பி அதற்கு ஒரு வழி பார்த்துக்கொண்டிருக்கிறான்.